டெல்லி முதல் சான் பிரான்சிஸ்கோ வரை: தூரம் மாறவில்லை, நேரம் ஏன் மாறுகிறது?

விமான நிலையங்களுக்கு இடையிலான தூரத்தைக் கணக்கிட்டுத் தரும் இணையதளங்களில் டெல்லி, சான் பிரான்சிஸ்கோ என்ற இரு பெயர்களை இட்டால் ஏறத்தாழ 12,400 கிலோமீட்டர் என்ற விடை வரும். கூடவே, பதினான்கு மணி நேரத்தை ஒட்டிய ஒரு பறப்பு நேரமும் வரும். அதே இரு நகரங்களுக்கிடையே நேரடி விமானத்தில் இடம் பதிவு செய்பவர் பார்ப்பதோ பெரும்பாலும் பதினாறு மணி நேரம் அல்லது அதற்கும் மேல். போகும்போது ஓர் எண், திரும்பும்போது வேறோர் எண். கோடையில் ஒன்று, குளிர்காலத்தில் மற்றொன்று. 2025 ஏப்ரலுக்குப் பிறகு இந்தியாவுக்கும் வட அமெரிக்காவுக்கும் இடையே பறந்த ஏர் இந்தியா விமானங்கள் சில, எரிபொருள் நிரப்புவதற்காக வியன்னாவிலும் கோபன்ஹேகனிலும் இறங்கிச் செல்லத் தொடங்கியபோது இந்தக் குழப்பம் இன்னும் கூடியது.

இணையதளத்தின் கணக்கும் தவறில்லை, விமான நிறுவனத்தின் அட்டவணையும் தவறில்லை. முதலாவது, பூமியின் மேற்பரப்பில் இரு புள்ளிகளுக்கு இடையிலான இடைவெளியை அளக்கிறது. இரண்டாவது, காற்றையும் மலையையும் அரசுகளின் அனுமதியையும் கணக்கில் கொண்டு ஒரு விமானம் உண்மையில் எப்போது போய்ச் சேரும் என்பதை மதிப்பிடுகிறது. இவ்விரண்டுக்கும் நடுவே என்னென்ன இருக்கின்றன என்பதை டெல்லி–சான் பிரான்சிஸ்கோ தடத்தை வைத்தே பார்க்கலாம். உலகின் நெடுந்தூர வான்வழிகளில் இவ்வளவு தெளிவாக எல்லாக் காரணங்களும் ஒன்றுகூடும் தடங்கள் சிலவே உள்ளன.

தூரம் என்று எதைச் சொல்கிறோம்

பசிபிக் கடலை நடுவில் காட்டும் தட்டையான உலகப் படம் ஒன்றில் டெல்லியையும் சான் பிரான்சிஸ்கோவையும் அளவுகோலால் இணைத்தால், கோடு சீனா, ஜப்பான் வழியாகப் பசிபிக் கடலைக் கடந்து செல்வதாகத் தோன்றும். ஆனால் உலக உருண்டை ஒன்றை எடுத்து, இரு நகரங்களின் மீதும் ஒரு நூலை வைத்து இறுக இழுத்தால், நூல் வடக்கே ஏறி இமயமலை, மேற்குச் சீனா, சைபீரியா ஆகியவற்றைக் கடந்து ஆர்க்டிக் கடலை எட்டி, அலாஸ்கா வழியாகக் கலிபோர்னியாவுக்கு இறங்கும். இதுவே மிகக் குறுகிய வழி. கணிதத்தில் இதற்குப் பெருவட்டப் பாதை என்று பெயர். உருண்டையை அதன் மையம் வழியாக இரு சம பாதிகளாக வெட்டினால் மேற்பரப்பில் கிடைக்கும் வட்டமே பெருவட்டம். அதன் ஒரு துண்டு, இரு புள்ளிகளுக்கு இடையிலான மிகக் குறுகிய பாதையாக அமையும்.

டெல்லி, கிழக்குத் தீர்க்கரேகை 77 பாகையை ஒட்டியும் சான் பிரான்சிஸ்கோ, மேற்குத் தீர்க்கரேகை 122 பாகையை ஒட்டியும் உள்ளன. ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குக் கிழக்கே போனால் சுமார் 160 பாகை, மேற்கே போனால் சுமார் 200 பாகை. அதாவது, இவ்விரு நகரங்களும் உருண்டையின் ஏறக்குறைய எதிரெதிர்ப் பக்கங்களில் இருக்கின்றன. அதனால்தான் பெருவட்டப் பாதை வட அட்சரேகை 75 பாகைக்கும் மேலே ஏறுகிறது. அதனால்தான், கிழக்கே பசிபிக் வழியாகவும் மேற்கே அட்லாண்டிக் வழியாகவும் செல்வது ஆகிய இரண்டுமே இந்தத் தடத்துக்கு நடைமுறையில் சாத்தியமாகின்றன. பின்னால் வரும் எல்லாவற்றுக்கும் இந்த அமைப்பே அடிப்படை.

இணையதளத்துக்கு இணையதளம் தூரம் சிறிது மாறுவதற்கு இரண்டு எளிய காரணங்கள் உண்டு. பூமி முழு உருண்டை இல்லை. நிலநடுக்கோட்டில் அதன் ஆரம் துருவ ஆரத்தைவிட 21 கிலோமீட்டர் அதிகம். சில கணிப்பான்கள் இதைக் கணக்கில் கொள்கின்றன, சில பூமியை முழு உருண்டையாகவே எடுத்துக்கொள்கின்றன. இன்னொன்று அலகு. விமானத்துறை பயன்படுத்தும் கடல் மைல் 1.852 கிலோமீட்டர், சாலை மைல் 1.609 கிலோமீட்டர். ஆகவே 12,400 கிலோமீட்டர் என்பது சுமார் 6,700 கடல் மைல், அல்லது சுமார் 7,700 சாலை மைல். மைல் என்று மட்டும் போட்டிருக்கும் இடத்தில் எந்த மைல் என்று பார்த்துக்கொள்வது நல்லது. விமானம் பதினொரு கிலோமீட்டர் உயரத்தில் பறப்பதால் தூரம் மிகவும் கூடிவிடும் என்று சிலர் கருதுவதுண்டு. இந்தத் தடம் முழுவதற்கும் அதனால் கூடுவது இருபது கிலோமீட்டர் சொச்சமே.

வேகம் எதைப் பொறுத்தது

போயிங் 777, 787 போன்ற நெடுந்தூர விமானங்கள் ஒலியின் வேகத்தில் 84 அல்லது 85 விழுக்காட்டு வேகத்தில் பறக்கின்றன. அந்த உயரத்தின் கடுங்குளிரில் ஒலியின் வேகமே மணிக்குச் சுமார் 1,060 கிலோமீட்டராகக் குறைந்துவிடுவதால், விமானத்தின் வேகம் ஏறத்தாழ 900 கிலோமீட்டர் என்று கொள்ளலாம். 12,400 கிலோமீட்டரை 900 ஆல் வகுத்தால் பதின்மூன்றே முக்கால் மணி நேரம். இணையதளங்கள் தரும் எண் இங்கிருந்துதான் வருகிறது. மேலெழுவதற்கும் இறங்குவதற்கும் சில நிமிடங்களைச் சேர்த்துக்கொள்கிறார்கள், அவ்வளவே.

ஆனால் அந்த 900 கிலோமீட்டர், தன்னைச் சூழ்ந்துள்ள காற்றைச் சார்ந்து விமானம் நகரும் வேகம். காற்றே ஒரு திசையில் நகர்ந்துகொண்டிருந்தால், ஆற்றுப் போக்கில் செல்லும் படகைப் போல, தரையைச் சார்ந்த வேகம் கூடும் அல்லது குறையும். பயணிகளை ஊர் சேர்ப்பது இந்த இரண்டாவது வேகம்.

பயணியர் விமானங்கள் பறக்கும் ஒன்பது முதல் பன்னிரண்டு கிலோமீட்டர் உயரத்தில் ஜெட் காற்றோட்டம் எனப்படும் குறுகிய, மிக வேகமான காற்றுப் பட்டைகள் மேற்கிலிருந்து கிழக்கு நோக்கி வீசுகின்றன. வெப்பமண்டலத்தின் சூடான காற்றுக்கும் துருவப் பகுதியின் குளிர்ந்த காற்றுக்கும் இடையிலான வேறுபாடு இவற்றை உருவாக்குகிறது. பூமியின் சுழற்சி இவற்றைக் கிழக்கு நோக்கித் திருப்பிவிடுகிறது. வெப்ப வேறுபாடு குளிர்காலத்தில் அதிகம் என்பதால் காற்றோட்டமும் அப்போதே வலுவாக இருக்கும். ஜப்பானுக்கு மேலே வீசுவது உலகிலேயே மிக வலுவானவற்றில் ஒன்று. அங்கே சில நாள்களில் மணிக்கு 300 கிலோமீட்டரைத் தாண்டும். இதை 1920களிலேயே பலூன்களைப் பறக்கவிட்டு அளந்தவர் வசாபுரோ ஓயிஷி என்ற ஜப்பானிய வானிலை ஆய்வாளர். அவர் தம் முடிவுகளை, உலகப் பொதுமொழியாகச் செயற்கையாக உருவாக்கப்பட்ட எஸ்பெராண்டோவில் வெளியிட்டதால் வெளியுலகம் அவற்றை நெடுநாள் கவனிக்கவில்லை.

பூமி மேற்கிலிருந்து கிழக்காகச் சுழல்வதால்தான் ஒரு திசையில் பயணம் விரைவாக முடிகிறது என்ற விளக்கம் பரவலாகச் சொல்லப்படுகிறது. அப்படியே எடுத்துக்கொண்டால் அது பிழை. பூமியோடு சேர்ந்து வளிமண்டலமும் சுழல்கிறது. அவ்வாறு சுழலாவிட்டால், நிலநடுக்கோட்டில் நிற்பவர் முகத்தில் மணிக்கு 1,670 கிலோமீட்டர் வேகப் புயல் ஓயாமல் அடித்துக்கொண்டிருக்க வேண்டும். சுழற்சிக்குப் பங்கு உண்டு; ஆனால் அது காற்றோட்டத்தின் திசையை அமைப்பதன் வழியாக மட்டுமே.

பின்காற்று எவ்வளவு உதவும் என்பதற்கு ஒரு பதிவு உள்ளது. 2020 பிப்ரவரி 8, 9 தேதிகளில் அட்லாண்டிக்கில் சியாரா புயல் வீசியபோது, பிரிட்டிஷ் ஏர்வேஸின் போயிங் 747 ஒன்று நியூயார்க்கிலிருந்து லண்டனை 4 மணி 56 நிமிடத்தில் அடைந்தது. தரையைச் சார்ந்த அதன் வேகம் மணிக்கு 1,300 கிலோமீட்டரைத் தாண்டியது. ஒலியைவிட வேகமாகப் பறந்ததா என்று அப்போது பலர் கேட்டார்கள். சுற்றியிருந்த காற்றைச் சார்ந்து அது வழக்கமான வேகத்திலேயே பறந்தது.

போகும்போது இழந்ததைத் திரும்பும்போது பெற்றுவிடலாம் என்பதும் சரியான கணக்காகாது. 9,000 கிலோமீட்டர் தடத்தில் காற்றே இல்லாவிட்டால் போக 10 மணி, வர 10 மணி, மொத்தம் 20 மணி நேரம் ஆகும். மணிக்கு 100 கிலோமீட்டர் காற்று வீசினால் ஒரு திசையில் 9 மணி நேரமும் மறுதிசையில் 11 மணி 15 நிமிடமும் ஆகும். எதிர்க்காற்றில் விமானம் அதிக நேரம் இருப்பதால், மொத்தத்தில் 15 நிமிட இழப்பு.

அதிகத் தூரம், குறைந்த நேரம்

இந்தத் தடத்தின் மிக அழகான பாடம் 2016 அக்டோபரில் கிடைத்தது. அதுவரை அட்லாண்டிக் வழியாகச் சென்றுகொண்டிருந்த டெல்லி–சான் பிரான்சிஸ்கோ விமானத்தை ஏர் இந்தியா பசிபிக் வழிக்கு மாற்றியது. அட்லாண்டிக் வழியின் நீளம் சுமார் 13,900 கிலோமீட்டர். பசிபிக் வழியின் நீளம் சுமார் 15,300 கிலோமீட்டர். 1,400 கிலோமீட்டர் கூடுதலாகப் பறந்தும் அந்த விமானம் பதினான்கரை மணி நேரத்தில் போய்ச் சேர்ந்தது. பழைய வழியைவிட ஏறத்தாழ இரண்டு மணி நேரம் குறைவு.

இதைப் புரிந்துகொள்ள ஒரு கருத்து உதவும். விமானம் தரையின் மீது கடக்கும் தூரத்தை விட்டுவிட்டு, காற்றுக்குள் அது கடக்கும் தூரத்தைக் கணக்கிடலாம். காற்றைச் சார்ந்த வேகம் 900 கிலோமீட்டர் என்றால், பதினான்கரை மணி நேரத்தில் அது கடந்த காற்றின் நீளம் சுமார் 13,050 கிலோமீட்டர். மீதி இரண்டாயிரத்துச் சொச்சம் கிலோமீட்டரைப் பின்காற்றே சுமந்து கொடுத்துவிட்டது. எதிர்க்காற்றோடு பதினாறரை மணி நேரம் பறந்தால் அதே கணக்கில் சுமார் 14,850 கிலோமீட்டர் காற்றைக் கிழித்துச் செல்ல வேண்டும். எரிபொருள் செலவாவது இந்தத் தூரத்துக்கே. ஆகவே வரைபடத்தில் நீளமாகத் தெரிந்த வழி, விமானத்தின் கணக்கில் குறுகிய வழியாக இருந்தது.

நெடுந்தூர விமானங்களின் பாதை நாள்தோறும் புதிதாக வகுக்கப்படுவதற்கு இதுவே காரணம். புறப்படுவதற்குச் சில மணி நேரம் முன்பு, அன்றைய காற்று முன்னறிவிப்பைக் கொண்டு, விமான நிறுவனத்தின் பறப்புத் திட்டப் பிரிவு பல வழிகளை ஒப்பிட்டு ஒன்றைத் தேர்ந்தெடுக்கிறது. நேற்று ஜப்பானுக்கு மேலே சென்ற விமானம் இன்று அதற்கு வடக்கே செல்வது இதனால்தான்.

நேர்வழியில் ஏன் பறப்பதில்லை

காற்றை ஒதுக்கிவிட்டாலும், 12,400 கிலோமீட்டர் நீளமுள்ள அந்தப் பெருவட்டப் பாதையில் அப்படியே பறக்க முடியாது. காரணங்கள்:

1. மலை. டெல்லியிலிருந்து நேர் வடக்கே சற்றுக் கிழக்காகச் சென்றால் இமயமலையும் அதற்கப்பால் திபெத்திய பீடபூமியும் வரும். பீடபூமியின் சராசரி உயரமே சுமார் 4,500 மீட்டர். பறக்கும்போது விமானத்துக்குள் காற்றழுத்தம் இழக்கப்பட்டால், மனிதர் இயல்பாக மூச்சுவிடக்கூடிய சுமார் 3,000 மீட்டர் உயரத்துக்கு விமானி உடனே இறக்க வேண்டும். கீழே 4,500 மீட்டர் உயரத்தில் நிலம் இருந்தால் இறங்க இடமில்லை. பயணிகளின் தலைக்கு மேலிருந்து விழும் முகமூடிகளில் ஆக்சிஜன் சில நிமிடங்களுக்கே போதும். பெரும்பாலான விமானங்களில் கால் மணி நேரத்தை ஒட்டிய அளவு. அதற்குள் மலைப்பகுதியைத் தாண்டி இறங்கிவிடும்படி வழி அமைய வேண்டும். இல்லாவிட்டால் கூடுதல் ஆக்சிஜன் ஏற்றிச் செல்ல வேண்டும்.

2. அவசரத்துக்கு இறங்கும் இடம். இரட்டை எஞ்சின் விமானம், ஓர் எஞ்சின் நின்றுவிட்டாலும் மற்றொன்றைக் கொண்டு குறிப்பிட்ட நிமிடங்களுக்குள் ஏதேனும் ஒரு விமான நிலையத்தை அடையக்கூடிய தொலைவிலேயே பறக்க வேண்டும். ஈடாப்ஸ் என்று அழைக்கப்படும் இந்த விதியின்கீழ் 1985 இல் 120 நிமிடம் வரை அனுமதிக்கப்பட்டது. இன்று 777, 787 ஆகியவற்றுக்கு 330 நிமிடம் வரை அனுமதி பெற முடியும். இந்த எல்லை விரிந்ததால்தான் நான்கு எஞ்சின் விமானங்கள் மெல்ல மறைந்தன. ஆனாலும் சைபீரியா, ஆர்க்டிக் பகுதிகளில் ஓடுபாதை இருந்தால் மட்டும் போதாது. இருநூறுக்கும் மேற்பட்ட பயணிகளைக் கடுங்குளிரில் தங்கவைத்து உணவளிக்கும் வசதியும் வேண்டும்.

3. குளிர். சர்வதேச அளவில் பயன்படும் ஜெட் ஏ-1 எரிபொருள் மைனஸ் 47 பாகை செல்சியஸில் உறையத் தொடங்கும். அமெரிக்காவில் நிரப்பப்படும் ஜெட் ஏ, மைனஸ் 40 பாகையிலேயே உறைய வாய்ப்புண்டு. இறக்கைகளுக்குள் இருக்கும் எரிபொருள் மணிக்கணக்கில் வெளிக் குளிரில் கிடப்பதால், அதன் வெப்பநிலையை விமானிகள் தொடர்ந்து கண்காணிக்கிறார்கள். மிகவும் குறைந்தால் தாழ இறங்குகிறார்கள், அல்லது வேகத்தைக் கூட்டி இறக்கையைச் சற்றுச் சூடாக்குகிறார்கள்.

4. அனுமதி. இது தனியாகப் பேச வேண்டியது.

இரண்டாவது காரணம் வெறும் ஏட்டு விதி இல்லை என்பதை 2023 ஜூன் 6 காட்டியது. அன்று டெல்லியிலிருந்து சான் பிரான்சிஸ்கோவுக்கு 216 பயணிகளோடும் 16 ஊழியர்களோடும் சென்ற ஏர் இந்தியா 777 விமானம், எஞ்சின் ஒன்றில் ஏற்பட்ட கோளாறால், ரஷ்யாவின் தூரக் கிழக்கில் ஓகோட்ஸ்க் கடலோரம் உள்ள மகதான் நகரில் பத்திரமாக இறங்கியது. அங்கே அந்த நிறுவனத்துக்கு ஊழியர்கள் எவரும் இல்லை. பயணிகள் தற்காலிக இடங்களில் தங்கவைக்கப்பட்டனர். மும்பையிலிருந்து அனுப்பப்பட்ட மாற்று விமானம் அவர்களை ஏற்றிக்கொண்டு ஜூன் 8 அன்று சான் பிரான்சிஸ்கோ சேர்ந்தது. பாதையின் ஓரத்தில் ஒரு பெயராக மட்டும் குறிக்கப்பட்டிருந்த விமான நிலையம், ஒரே நாளில் இருநூறு பேரின் இருப்பிடமாகிவிட்டது.

வானம் யாருக்குச் சொந்தம்

1944 இல் சிகாகோவில் கையெழுத்தான சர்வதேசப் பயணியர் விமானப் போக்குவரத்து உடன்படிக்கையின் முதல் பிரிவே, ஒவ்வொரு நாட்டுக்கும் தன் நிலப்பரப்பின் மேலுள்ள வான்வெளியில் முழுமையான, தனிப்பட்ட இறையாண்மை உண்டு என்கிறது. அட்டவணைப்படி இயங்கும் விமானம் எதுவும் அந்நாட்டின் அனுமதியின்றி அதன் மேலே பறக்க முடியாது. இறங்காமல் கடந்து செல்லும் உரிமையை ஒருவருக்கொருவர் வழங்கிக்கொள்ளும் தனி ஒப்பந்தம் ஒன்றும் அதே ஆண்டு உருவானது. ரஷ்யாவும் சீனாவும் அதில் சேரவில்லை. நிலப்பரப்பில் மிகப் பெரிய நாடும், டெல்லிக்கு நேர் வடக்கே உள்ள நாடும், யாரைத் தம் தலைக்கு மேல் விடுவது என்பதைத் தனித்தனியாகவே முடிவு செய்கின்றன.

கடந்து செல்லும் உரிமையை மறுப்பது எவ்வளவு கடுமையான ஆயுதம் என்பதற்குத் தெற்காசியாவிலேயே பழைய சான்று உண்டு. 1971 ஜனவரி 30 அன்று இந்தியன் ஏர்லைன்ஸின் ஃபோக்கர் விமானம் ஒன்று லாகூருக்குக் கடத்தப்பட்டு, பின்னர் அங்கே எரிக்கப்பட்டது. அதைத் தொடர்ந்து பிப்ரவரி 4 அன்று பாகிஸ்தான் விமானங்கள் தன் மேலே பறக்க இந்தியா தடை விதித்தது. அன்றைய மேற்குப் பாகிஸ்தானையும் கிழக்குப் பாகிஸ்தானையும் இணைத்த கராச்சி–டாக்கா வழி சுமார் 2,400 கிலோமீட்டர். தடைக்குப் பின் விமானங்கள் தென்னிந்தியாவைச் சுற்றி, கொழும்பில் எரிபொருள் நிரப்பி, வங்காள விரிகுடா வழியாக டாக்கா செல்ல வேண்டியதாயிற்று. அந்த வழி 4,500 கிலோமீட்டருக்கும் மேல். சில மாதங்களில் வங்கதேசப் போர் மூண்ட நிலையில், இந்தச் சுற்றுவழி படைகளையும் தளவாடங்களையும் நகர்த்துவதைப் பெரிதும் பாதித்தது. வழக்கு சர்வதேச விமானப் போக்குவரத்து அமைப்பின் மன்றத்துக்குச் சென்றது. அதை விசாரிக்க மன்றத்துக்கு அதிகாரம் உண்டு என்று 1972 ஆகஸ்டு 18 அன்று சர்வதேச நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

அண்மைக் காலத்தில் இந்தத் தடத்தையும் அதன் அண்டைத் தடங்களையும் பாதித்த மூடல்கள் மூன்று.

1. 2019 பிப்ரவரி 27 முதல் ஜூலை 16 வரை, பாலாகோட் தாக்குதலைத் தொடர்ந்து பாகிஸ்தான் தன் வான்வெளியின் பெரும்பகுதியை மூடியிருந்தது. ஜூலை 2 வரையான காலத்தில் ஏர் இந்தியாவுக்கு மட்டும் 491 கோடி ரூபாய் இழப்பு என்று மாநிலங்களவையில் அரசு தெரிவித்தது. டெல்லியிலிருந்து இஸ்தான்புல்லுக்கு நேரடியாகச் செல்லவிருந்த இண்டிகோ விமானம் எரிபொருளுக்காகத் தோகாவில் இறங்க வேண்டியிருந்தது.

2. 2022 பிப்ரவரி இறுதியில், உக்ரைன் போரைத் தொடர்ந்து ஐரோப்பிய நாடுகள் ரஷ்ய விமானங்களைத் தடை செய்தன. ரஷ்யா பதிலுக்கு முப்பத்தாறு நாடுகளின் விமானங்களைத் தடுத்தது. சில நாள்களில் அமெரிக்காவும் அந்த வரிசையில் சேர்ந்தது. அமெரிக்க நிறுவனமான யுனைடெட், 2022 மார்ச்சில் தன் சான் பிரான்சிஸ்கோ–டெல்லி விமானத்தை நிறுத்தியது. இந்திய நிறுவனத்துக்கு ரஷ்ய வான்வெளி திறந்தே இருந்தது. ஒரே இரு நகரங்கள், ஒரே தூரம். விமானத்தின் வாலில் எந்த நாட்டுப் பதிவெண் எழுதப்பட்டிருக்கிறது என்பதே அந்தத் தடத்தில் பறக்க முடியுமா, முடியாதா என்பதைத் தீர்மானித்தது.

3. 2025 ஏப்ரல் 24 அன்று, பகல்காம் தாக்குதலுக்குப் பிந்தைய பதற்றத்தில், பாகிஸ்தான் இந்திய விமானங்களுக்குத் தன் வான்வெளியை மூடியது. ஏப்ரல் 30 அன்று இந்தியாவும் அவ்வாறே செய்தது. தடை மாதந்தோறும் நீட்டிக்கப்பட்டு வந்தது. ஜூன் 13 அன்று இஸ்ரேல்–ஈரான் மோதலால் ஈரானிய வான்வெளியும் சில நாள்கள் மூடப்பட்டபோது, மேற்கே செல்லும் இந்திய விமானங்களுக்கு எஞ்சியிருந்த வழி மேலும் சுருங்கியது.

டெல்லியிலிருந்து வடமேற்கே வெளியேறும் வாசல் பாகிஸ்தான்தான். அது மூடப்பட்டால், விமானம் முதலில் தென்மேற்கே குஜராத்துக்கும் அரபிக்கடலுக்கும் சென்று, பிறகே வடக்கே திரும்ப முடியும். டெல்லி–சான் பிரான்சிஸ்கோ தடத்துக்குக் கிழக்கு வழி என்ற மாற்று இருக்கிறது. லண்டன், சிகாகோ, டொராண்டோ செல்லும் விமானங்களுக்கு அப்படி ஒரு மாற்று இல்லை என்பதால் அடி அவற்றுக்கே பலமாக விழுந்தது. எந்தத் தகராறிலும் பங்கில்லாத பயணிகளின் மீது இந்தச் சுமை ஏற்றப்படுவது எனக்கு ஏற்கத்தக்கதாகத் தோன்றவில்லை. மூடும் நாட்டுக்கும் இதில் லாபமில்லை; கடந்து செல்லும் விமானங்கள் செலுத்தும் கட்டணத்தை அது இழக்கிறது. 2025 ஏப்ரல் 24 முதல் ஜூன் 30 வரை தமக்கு 410 கோடி பாகிஸ்தான் ரூபாய் வருவாய் இழப்பு என்று அந்நாட்டு நாடாளுமன்றத்திலேயே தெரிவிக்கப்பட்டது.

ஒரு மணி நேரம் கூடினால் என்ன ஆகும்

பதினாறு மணி நேரப் பயணத்தில் இன்னொரு மணி நேரம் பெரிதா என்று தோன்றலாம். குறுந்தூர விமானத்துக்கு அது பெரிதில்லை. தன் எல்லையின் விளிம்பில் பறக்கும் விமானத்துக்கு அதுவே எல்லாவற்றையும் மாற்றிவிடும்.

777 வகை விமானம் மணிக்கு ஏறத்தாழ ஏழு டன் எரிபொருளைச் செலவிடுகிறது. கடைசி மணி நேரத்துக்கான அந்த ஏழு டன்னைப் புறப்படும்போதே ஏற்றியாக வேண்டும். அந்த எடையை முந்தைய பதினாறு மணி நேரமும் சுமப்பதற்கே தனியாக எரிபொருள் வேண்டும். கூடுதலாகச் சுமக்கும் எரிபொருளில் மணிக்கு 3 முதல் 4 விழுக்காடு, சுமப்பதிலேயே தீர்ந்துவிடும் என்பது துறையினர் பயன்படுத்தும் தோராயக் கணக்கு. இதோடு, மாற்று விமான நிலையத்துக்குச் செல்லவும், அங்கே அரை மணி நேரம் வட்டமிடவும் தேவையான இருப்பைத் தொடாமல் வைத்திருக்க வேண்டும். விமானம் புறப்படக்கூடிய மொத்த எடைக்கு வரம்பு உண்டு. டெல்லியின் மே மாத வெயிலில் காற்று அடர்த்தி குறைவதால் இறக்கையின் தூக்குவிசையும் எஞ்சினின் உந்துவிசையும் குறைந்து, அந்த வரம்பு மேலும் தாழ்ந்துவிடும். எரிபொருள் கூடினால் சரக்கு குறைய வேண்டும். அதுவும் போதாவிட்டால் சில இருக்கைகளை விற்காமல் விட வேண்டும். அதுவும் போதாவிட்டால் வழியில் இறங்கித்தான் ஆக வேண்டும். வியன்னாவும் கோபன்ஹேகனும் இந்தக் கடைசிப் படி.

இறங்குவது என்றால் எரிபொருள் நிரப்பும் நேரம் மட்டும் கணக்கில்லை. நெடுந்தூர விமானத்தில் வழக்கமாக நான்கு விமானிகள் முறைவைத்துப் பணி செய்கிறார்கள். அவர்கள் தொடர்ந்து எவ்வளவு நேரம் பணியில் இருக்கலாம் என்பதற்குச் சட்டப்படி உச்ச அளவு உண்டு. அதைத் தாண்டும் நிலை வந்தால் வழியிலேயே மாற்றுக் குழு காத்திருக்க வேண்டும். தரையிறங்கும் கட்டணம், விடுதிச் செலவு, மறுநாள் பறக்க வேண்டிய விமானம் தாமதமாக ஊர் திரும்புவது என்று ஒன்றிலிருந்து ஒன்றாகச் செலவு பெருகும். தடை ஓராண்டு நீடித்தால் தமக்குச் சுமார் 60 கோடி டாலர் இழப்பு ஏற்படும் என்று ஏர் இந்தியா அரசுக்கு எழுதியதாக 2025 மே மாதம் செய்தி வெளியானது. அதே ஆண்டு செப்டம்பர் 1 முதல் டெல்லி–வாஷிங்டன் சேவையை அது நிறுத்தியபோது, விமானங்களை மேம்படுத்தும் பணியோடு பாகிஸ்தான் வான்வெளி மூடலையும் காரணமாகக் குறிப்பிட்டது.

பயணச்சீட்டில் இருக்கும் நேரம்

அட்டவணையில் அச்சிடப்படும் நேரத்துக்குத் துறையில் பிளாக் டைம் என்று பெயர். சக்கரத்தடையை எடுத்து விமானம் தன் நிறுத்துமிடத்தை விட்டு நகரும் கணத்திலிருந்து, மறுமுனையில் நிறுத்துமிடத்தில் நின்று சக்கரத்தடை வைக்கப்படும் கணம் வரையிலான நேரம் அது. ஓடுபாதை வரை ஊர்ந்து செல்வதும், புறப்பட வரிசையில் நிற்பதும், இறங்கிய பின் நிலையத்தை அடைவதும் இதில் அடங்கும். பெரிய விமான நிலையங்களில் இவை மட்டுமே அரை மணி நேரத்தை எட்டுவதுண்டு. காற்று நாளுக்கு நாள் மாறுவதால், அந்தப் பருவத்தின் பெரும்பாலான நாள்களில் குறித்த நேரத்துக்குள் வந்து சேரும்படி நிறுவனங்கள் சற்றுத் தாராளமாகவே நேரம் குறிக்கின்றன. முப்பது, நாற்பது நிமிடம் முன்னதாகவே வந்துவிட்டோம் என்று விமானத்தில் அறிவிப்பு வருவது இதனால்தான்.

புறப்படும் நேரமும் சேரும் நேரமும் அந்தந்த ஊரின் உள்ளூர் நேரத்தில் இருக்கும் என்பது அடுத்த குழப்பம். மார்ச் இரண்டாம் ஞாயிறு முதல் நவம்பர் முதல் ஞாயிறு வரை இந்திய நேரம் கலிபோர்னியாவைவிட பன்னிரண்டரை மணி நேரம் முன்னே இருக்கும். மற்ற மாதங்களில் பதின்மூன்றரை மணி நேரம். கோடையில் டெல்லியிலிருந்து அதிகாலை 4 மணிக்குப் புறப்படும் விமானம் 16 மணி நேரம் பறந்தால், சான் பிரான்சிஸ்கோவில் அதே தேதியில் காலை 7.30 மணிக்குச் சேரும். பயணச்சீட்டை மேலோட்டமாகப் பார்ப்பவருக்கு மூன்றரை மணி நேரப் பயணம் போல் தெரியும். குளிர்காலத்தில் அதே பயணம் காலை 6.30 என்று காட்டும். விமானம் வேகமாகப் பறந்ததாக அதற்குப் பொருளில்லை, அங்கே கடிகாரத்தைப் பின்னே தள்ளிவைத்திருக்கிறார்கள் என்பதே பொருள். திரும்பும் வழியில் திங்கள் காலை 11 மணிக்குக் கிளம்பினால், கோடையில், அதே 16 மணி நேரப் பறப்புக்கு டெல்லியில் செவ்வாய் பிற்பகல் 3.30 ஆகியிருக்கும்.

இணைப்பு விமானம் உள்ளவர்கள் சீட்டு எடுக்கும்போது பார்க்க வேண்டியவை:

1. மொத்தப் பயண நேரம் என்று தனியாகக் குறிக்கப்பட்டுள்ள எண்ணை மட்டும் நம்புங்கள். இரு கடிகார நேரங்களைக் கழித்துப் பார்க்க வேண்டாம்.

2. நேரடி விமானம் என்று எழுதியிருந்தாலும் வழியில் நிற்கக்கூடும். ஒரே விமான எண்ணில் பயணம் முடிகிறது என்பதற்கும், எங்கும் இறங்காமல் செல்கிறது என்பதற்கும் வேறுபாடு உண்டு. எரிபொருளுக்காக மட்டும் இறங்கும் இடத்தில் பயணிகள் பெரும்பாலும் விமானத்தை விட்டு இறங்க அனுமதிக்கப்படுவதில்லை.

3. டிசம்பர் முதல் பிப்ரவரி வரை ஜெட் காற்றோட்டம் மிக வலுவாக இருக்கும். பசிபிக் வழியாகக் கலிபோர்னியாவிலிருந்து மேற்கு நோக்கித் திரும்பும் விமானம் அப்போது எதிர்க்காற்றை முழுமையாகச் சந்திக்கும். டெல்லியில் இறங்கிச் சென்னைக்கோ மதுரைக்கோ மாறுபவர்கள், அந்த மாதங்களில் இரண்டு விமானங்களுக்கும் இடையே போகும்போது விடும் இடைவெளியைவிடத் திரும்பும்போது கூடுதலாக விட்டுக்கொள்வது நல்லது. இரண்டையும் ஒரே பதிவில் எடுத்திருந்தால், முதல் விமானம் தாமதமானாலும் அடுத்ததில் இடம் தரும் பொறுப்பு நிறுவனத்தையே சேரும்.